நானே சார் வீட்டுத் தொட்டில்

கத்தரிக்காயைப் பறித்தால் அதை நேராகச் சமையலறைக்குக் கொண்டுபோக அவருக்குத் தெரியாது. கையில் ஏந்திக்கொண்டு முதலில் தெருவுக்கு வருவார். பால்காரர் சைக்கிளை நிறுத்தியாக வேண்டும். எதிர்வீட்டு டீச்சர் பஸ்ஸைத் தவறவிட்டாலும் சரி, நின்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். "கடையில இந்த நிறம் கிடைக்குமா, சொல்லுங்க. நானே போட்ட உரம், நானே விட்ட தண்ணி." இத்தனைக்கும் காய் ஒன்றே ஒன்றுதான். அதிலும் ஒரு பக்கம் பூச்சி அரித்திருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளங்கைக்குள் வைத்து மறைத்துக்கொள்வார்.

எங்கள் தெருவில் அவருக்கு நானே சார் என்று பெயர். அவரைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும். முப்பது வருஷம் ஓர் அலுவலகத்தில், மற்றவர்கள் எழுதிய கடிதங்களுக்கு நம்பர் போட்டு அடுக்கிவைத்த மனிதர். ஓய்வு பெற்ற மறுநாள் ஒரு ரம்பமும் ஒரு மண்வெட்டியும் வாங்கிவந்தார். அன்றைக்குப் பிடித்தது அந்த வீட்டுக்குச் சனி.

நான் அடுத்த வீட்டில் துணி தைக்கிறேன். மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. நடுவில் உள்ள மதில் இடுப்பளவுதான். பார்க்க வேண்டும் என்று பார்ப்பதில்லை. ஊசியில் நூல் கோக்கத் தலையை நிமிர்த்தினால் அவர்தான் தெரிகிறார்.

அந்த வீட்டுக்குள் புதிதாக வருகிற யாரும் தனியாக நடமாட முடியாது. அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். விருந்தாளிகளுக்கு முன்னால் அக்கா ஓடிக்கொண்டே இருப்பார். "இருங்க, அந்தக் கதவ லேசா தூக்கித் தள்ளணும். அந்த ஸ்டூல்ல வேண்டாம், அது பூச்சட்டிக்கு. இதுல உக்காருங்க. ஆனா சாயாதீங்க." எல்லா ஊரிலும் குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் மூடுமோ, அந்தப் பக்கம் திருப்பினால் இந்த வீட்டில் திறக்கும். அலமாரியின் வலது ஓரத்தில் ஒரு டப்பாவை வைத்தால் இடது ஓரம் எழுந்து பார்க்கும். விளக்கு ஸ்விட்சை இரண்டு தரம் தட்ட வேண்டும், மூன்றாம் தரம் தட்டக் கூடாது. படித்தவர்கள் வீடு இப்படித்தான் இருக்கும்போல என்று முதலில் நினைத்திருந்தேன். எல்லாம் சார் தன் கையால் செய்ததும் சரிசெய்ததும் என்று போகப் போகத்தான் புரிந்தது. அக்கா அந்த வீட்டை ஒரு பழைய லாரியை ஓட்டுவதுபோல ஓட்டிக்கொண்டிருக்கிறார். எங்கே உதைத்தால் எது நகரும் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைச் சமையல் நானே சாருடையது. அப்படித்தான் சொல்லிக்கொள்வார். காலையிலிருந்து அக்கா உரிப்பார், நறுக்குவார், அரைப்பார், அடுப்பைப் பற்றவைப்பார். எல்லாம் கொதித்து வாசனை மதிலைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தபிறகு, அவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து கரண்டியை வாங்குவார். மூன்று தரம் கிளறுவார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். ருசியாக இருந்தால், "நானே பண்ணது." உப்புக் கூடியிருந்தால், "ஏம்மா, என்னத்தப் போட்டுத் தொலைச்ச?" பிறகு மதியம் முழுக்க அந்தக் கொல்லையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கும். ஒருநாள் எட்டிப் பார்த்தபோது அக்காவே சொன்னார்: "இன்னிக்கு அவரு சமையல். எனக்கு ஓய்வு." சொல்லிக்கொண்டே அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் பழைய பாட்டில்களைத் தலைகீழாகக் கட்டி, மூடிகளில் ஊசியால் துளை போட்டு, செடிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ ஏற்பாடு செய்தார். மூன்றாம் நாளே துளைகள் அடைத்துக்கொண்டன. அவருக்கு அது தெரியாது. சாயங்காலம் அவர் நடக்கக் கிளம்பியதும் அக்கா வாளியோடு வந்து செடிகளுக்கு ஊற்றுவார். ஊற்றிவிட்டு, ஒவ்வொரு பாட்டிலையும் அவிழ்த்துப் பாதித் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, பழையபடி கட்டிவைப்பார். அவர் திரும்பி வந்து குனிந்து பார்த்து, "பாத்தியா, ஒரே நாள்ல எவ்வளவு குடிச்சிருக்கு" என்பார். "ஆமாங்க" என்பார் அக்கா. இதை ஜன்னல் வழியாகப் பார்த்த அன்று எனக்கு அவர்மேல் வந்ததைவிட அக்காமேல்தான் அதிக எரிச்சல் வந்தது. தினமும் ஒருவர் ஊதி வளர்க்காமல் இவ்வளவு பெரிய பலூன் எங்கிருந்து வரும்?

போன வருஷம் சோப்புக் காய்ச்சினார். வீட்டுக்கு இரண்டு கட்டி என்று தெரு முழுக்கக் கொடுத்தார். தேய்த்தால் நுரை வரவில்லை, தோல்தான் வந்தது. நான் அதைச் சீவி வைத்துக்கொண்டு துணியில் வெட்டுக்கோடு போட்டேன். அதற்கு அருமையான சோப்பு. "எப்படி இருக்கு?" என்று மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். "தினமும் கையில எடுக்கிறேன் சார்" என்றேன். பொய் இல்லை.

இந்த வருஷம் தொட்டிலில் வந்து நின்றது.

அவர்களுக்கு ஒரே மகள், மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளையோடு வந்திருந்தாள். மாப்பிள்ளை, மாமனார் செய்த நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தபோது மணிக்கட்டு பிசகியிருந்தது. "மாப்ள கொஞ்சம் கனம்" என்பதுதான் அன்று நானே சார் சொன்ன தீர்ப்பு. இன்றுவரை அதை மாற்றவில்லை. அதற்குப் பிறகு மகள் வரவே இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேதி வந்த அன்றே நானே சார் பலகை அறுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒருநாள் மதியம் அக்கா என்னிடம் வந்தார். என் வீட்டு ஸ்டூலையும் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"பொண்ணு வரேன்னுட்டா. ரெண்டு மாசம் இருப்பாளாம்."

"நல்லது அக்கா."

"ஆனா கடைத் தொட்டில் இருந்தாத்தான் வருவாளாம். அப்பா செஞ்சதுல போடச் சொன்னா அடுத்த வண்டிக்கே கிளம்பிடுவேன்னு சொல்றா."

"சார்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"எப்படிச் சொல்ல? சொன்னா, அப்ப வரவே வேண்டாம்னு சொல்லிடுன்னுடுவாரு. அவரு சொல்ற ஆளுதான். நான் பேத்திய போன்லதான் பாத்திருக்கேன். ஒரு அரிசிப் பைய வச்சு ஆட்டிப் பாருங்களேன்னு கேட்டேன். என் கைமேல நம்பிக்கை இல்லையான்னு ரெண்டு நாளா மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டாரு" என்றார்.

"மககிட்ட என்ன சொன்னீங்க?"

"கடைத் தொட்டில்தான்டின்னு சொல்லிட்டேன்." அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ எனக்கு ஒரு மெத்தை தைச்சுத் தரணும். நல்ல தடிமனா."

"தொட்டில் அளவு கொண்டு வாங்க."

"உள்ள போட இல்லம்மா. தொட்டிலுக்குக் கீழ, தரையில போட."

நான் கழுத்தில் கிடந்த டேப்பைக் கையில் எடுத்தேன். "தரையிலேருந்து தொட்டில் எவ்வளவு உயரம் அக்கா?" என்று கேட்டேன். அவர் எழுந்து நின்று தொடையருகே கையை வைத்துக் காட்டினார். அளந்துகொண்டேன். நாலு விரல் கனத்துக்குப் பஞ்சு அடைத்துத் தைத்தேன். கணவனிடம் ஒரு வார்த்தை பேசினால் முடிகிற காரியத்துக்கு இவ்வளவு பஞ்சு.

மெத்தையை முடித்து நான் கொண்டுபோன அன்று காலையிலேயே மகளும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து இறங்கிவிட்டார்கள். அக்கா மெத்தையை என் கையிலிருந்து பறிக்காத குறையாக வாங்கி, தொட்டிலுக்குக் கீழே விரித்துவிட்டு வாசலுக்கு ஓடினார். நான் வெளியே போக வழியில்லாமல் சமையலறைக் கதவோரம் ஒதுங்கி நின்றேன்.

தொட்டில் கூடத்தின் நடுவில் இருந்தது. இரண்டு கால்கள், மேலே ஒரு குறுக்குக் கட்டை, அதிலிருந்து நாலு சங்கிலியில் ஒரு பெட்டி. மஞ்சள் பெயிண்ட். தலைமாட்டில் ஒரு கிளி. கிளி என்று அவர் சொன்னதால் கிளி. யாரும் தொடாமலே பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

மகள் குழந்தையோடு உள்ளே வந்தாள். தொட்டிலைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"கடைத் தொட்டில்னு சொன்னியேம்மா."

"ஆணியெல்லாம் கடையில வாங்கினதுதான்டி" என்றார் அக்கா.

நானே சாருக்கு அது காதிலேயே விழவில்லை. "நாப்பது நாள் வேலை. ஒரு ஆள வைக்கல. நானே அறுத்து, நானே இழைச்சு, நானே பெயிண்ட் அடிச்சது. யானையப் படுக்க வச்சாலும் அசையாது." சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தவர், "இது என்ன கீழ?" என்றார்.

"நின்னு ஆட்டும்போது காலுக்கு மெத்துனு இருக்கட்டுமேன்னு" என்றார் அக்கா.

"அதுவும் சரிதான்" என்றார்.

மாப்பிள்ளை உட்காரவில்லை. நானே சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இருக்கட்டும் மாமா, வர்ற வழியெல்லாம் உக்காந்தே வந்தேன்" என்று சுவரோரம் போய் நின்றுகொண்டார். சுவர், வீடு வாங்கும்போதே இருந்தது.

"திரும்பிப் போற வண்டி எத்தன மணிக்கு?" என்று மகள் அவரைக் கேட்டாள்.

"நாலரைக்கு ஒண்ணு இருக்கு." பார்த்துவைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

அக்கா பையைத் திறந்து குழந்தைத் துணிகளை எடுத்து மடித்து வைக்க ஆரம்பித்திருந்தார். அந்தப் பதிலைக் கேட்டும் கை நிற்கவில்லை. ஆனால் மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். ஒரு சின்னச் சட்டையை அப்படி மூன்று தரம் மடித்தார். மகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அஞ்சு நிமிஷம்" என்றாள். "அதுக்கு மேல இல்ல."

குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள். சங்கிலி ஒருமுறை முனகியது. மாப்பிள்ளை சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்தார். எல்லோரும் குழந்தையின் முகத்தையே பார்த்தார்கள். அது கிளியைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

எனக்கு எதிலும் முன்னால் போய் நின்று பழக்கமில்லை. கதவோரத்திலிருந்து எனக்குத் தொட்டிலின் அடிப்பக்கம்தான் தெரிந்தது. நானே சார் மெத்தையில் மண்டிபோட்டிருந்தார். எப்போது போட்டார் என்று தெரியவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி விரித்து, அடிப்பலகையைத் தொட்டும் தொடாமலும் பிடித்திருந்தார். மேலே முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா பண்றீங்க கீழ?" என்றாள் மகள்.

"பெயிண்ட் காஞ்சுதான்னு பாக்குறேன்."

ஐந்து நிமிஷம் ஆனது. குழந்தை தூங்கிவிட்டதால் மகள் அதை எடுக்கவில்லை. நாலரை வண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை அதுவரை காலிலேயே கிடந்த செருப்பை மெதுவாகக் கழற்றி ஓரமாக வைத்தார். நானே சாரின் நெற்றியில் வியர்வை முத்துக் கோத்து மூக்கு நுனியில் வந்து நின்றது. கையை எடுக்கவில்லை.

அக்கா உள்ளே வந்து டீ போட்டார். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் கொடுத்தார், எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். கடைசி டம்ளரோடு கணவரிடம் போனார். அவர் நிமிர்ந்து பார்த்தார், கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, டீயை ஊதி ஆற்றி, டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். அவர் குடித்தார்.