உருகக் கூடாத சேதி

காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் ஜெயசித்ரா உறைபெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். மோட்டாரின் அதிர்வு கைக்குத் தட்டுப்பட்ட பிறகே விளக்கைப் போடுவார். தென்காசியில் ஒரு தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் ஆசிரியை, ஊர் கீழப்பாவூர். சாரல் காலத்திலும் குடை எடுக்க மாட்டார். "எடுத்தா எங்கனயாவது வச்சிட்டு வந்துருவேன்" என்பார்.

பாக்டீரியா தன் சேதிகளை எப்படி அழிக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. 'இந்தப் புரதத்தைச் செய்' என்ற உத்தரவு ஆர்.என்.ஏ. இழையாக வரும். காரியம் முடிந்ததும் சில புரதங்கள் கூட்டாகச் சேர்ந்து அதன்மேல் விழும். ஒன்று வெட்டும், ஒன்று மடிப்பைப் பிரித்துக் கொடுக்கும், இன்னொன்று நுனியிலிருந்து தின்றுகொண்டே போகும். "அழிக்குதுன்னா கெட்டதுன்னு நெனைக்காதீய. பழைய சேதி போனாத்தான புதுசு எடுபடும்?" என்பார்.

போன ஆடியில், குற்றாலத்தில் அருவி ஆர்ப்பரித்த ஒரு நண்பகல், மரம் விழுந்து மின்கம்பி அறுந்தது. கல்லூரி ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. வருடக்கணக்கில் பிரித்தெடுத்துச் சேர்த்த ஆர்.என்.ஏ. முழுக்க அந்தப் பழைய உறைபெட்டிக்குள் இருந்தது. குளிர் போய்விட்டால் அது சிதைந்துவிடும். ஆராய்ச்சியும் அதோடு போகும்.

நனைந்துகொண்டே மீன் கடைக்கு ஓடினார். கடைக்காரர் ஒலி முகம்மதுவுக்கு அவரை வாடிக்கையாளராகத் தெரியும்.

"பாய், ஐஸ் வேணும். கல்லுப்பும். இருக்கது பூராவும் தாங்க."

"எதுக்கு டீச்சர்?"

"ஆர்.என்.ஏ. கெட்டுப்போயிரும் பாய்."

"அது என்ன மீனு? கேள்விப்பட்டதில்லையே."

ஜெயசித்ராவுக்கு அழுகைதான் வந்தது. அதைப் பார்த்த ஒலி முகம்மது கடையில் இருந்த ஐஸையும் கல்லுப்பையும் எடுத்து வைத்தார். தம் மீனுக்கு அடியில் கிடந்த ஐஸையும் வாரிப் பெட்டிகளில் போட்டார். ஆட்டோவில் தாமே ஏற்றிக் கொண்டுவந்தார். ஆர்.என்.ஏ. குப்பிகள் இருந்த டப்பாக்களைச் சுற்றி இருவரும் ஐஸையும், குளிர் கூடுவதற்காக உப்பையும் அடைத்தார்கள். "மீனு நாளைக்கும் வரும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். கரண்ட் சாயங்காலம்தான் வந்தது.

அடுத்த வாரம் சோதித்துப் பார்த்தார். இழைகள் அறுபடாமல் இருந்தன. சோதனையில் தெரிந்ததைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனார்.

"பொழச்சிட்டா?" என்றார் ஒலி முகம்மது.

"பொழச்சிட்டு பாய்."

ஜெயசித்ரா படத்தைக் காட்டினார். தோள்பையைக் கீழே வைத்தார். புதிதாக வந்திறங்கிய ஐஸை இரு கைகளாலும் அள்ளி, அவருடைய மீன்களின்மேல் ஒரு செதிலும் வெளியே தெரியாதபடி பரப்பத் தொடங்கினார்.