மாமியார் கையில் வரைந்த படம்

பெரம்பலூரில் பிசியோதெரபி படிப்பில் சேர்ந்தபோது ஜெயசுதாவுக்கு இருபத்தெட்டு வயது முடிந்திருந்தது. கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் அந்த வருடம்தான் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள். முதல் நாளே அவளை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். உடற்கூறு அறைக்குள் போனபோது மருந்து வாடையில் இரண்டு பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஜெயசுதாவுக்கும் கண்கள் எரிந்தன. ஆனால் மேசையில் கிடந்த உடலின் தோளில் ஆசிரியர் தோலை விலக்கிக் காட்டியபோது அவள் கால் தானாக ஓரடி முன்னால் போனது. இதைப் பார்க்கத்தானே அவள் வந்திருக்கிறாள்!

அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், முந்திரிக்காட்டை ஒட்டிய சின்ன கிராமம். கணவன் நல்லதம்பி டிப்பர் லாரி ஓட்டுகிறவன். இரண்டு வருடங்களுக்கு முன்னால் அரியலூர் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்ததில் அவனுடைய தோள்மூட்டு நழுவிப்போனது. நழுவிய மூட்டைத் திரும்பப் பொருத்திவிட்டார்கள், கைதான் மேலே எழும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாத டிரைவர் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜெயங்கொண்டத்தில் சிறிய பிசியோதெரபி கிளினிக் வைத்திருந்த ஜோதி என்ற பெண்ணிடம் ஜெயசுதா அவனைத் தினமும் கூட்டிக்கொண்டு போனாள். ஜோதி இவளைவிட இளையவள். அவள் விரல்கள் தோளில் எதையோ தேடிப் போகும், ஒரு இடத்தில் நிற்கும், 'இங்க இருக்கிற நரம்பு அடிபட்டிருக்கு, தூங்குது, எழுப்பிடலாம்' என்பாள். எப்படித் தெரிகிறது, ஏன் அந்த இடம், ஏன் இந்தப் பயிற்சி என்று ஜெயசுதா கேட்டுக்கொண்டே இருப்பாள். மாதங்கள் போயின. ஒருநாள் காலையில் நல்லதம்பி யோசிக்காமல் கையை நீட்டி, கொடியில் தொங்கிய சட்டையை எடுத்தான். எடுத்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சட்டையைப் பிடித்தபடி அவன் அழுதான். ஜெயசுதா அழவில்லை. தூங்கிக்கொண்டிருந்த ஒன்றை எழுப்பிவிட முடியும் என்பதையே அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நானும் இதப் படிக்கிறேங்க" என்று அன்று மாலையே சொன்னாள். பிளஸ் டூவில் அவள் உயிரியல் எடுத்தவள், நல்ல மதிப்பெண் வாங்கியவள். அதன் பிறகு கல்யாணம், பிள்ளை என்று போய்விட்டது.

நல்லதம்பி உடனே சரி என்றான். அவன் அம்மா குஞ்சம்மாள்தான் குறுக்கே நின்றாள். குஞ்சம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். முந்திரிக்காட்டில் கூலி வேலை செய்து, ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவள். பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

"புள்ளைய யாரு பாப்பா? ஆடு மாட்ட யாரு பாப்பா? இனிமே பையத் தூக்கிக்கிட்டு காலேசு போறேன்னா ஊரு சிரிக்காது?"

"நாலு வருசந்தான் அத்த."

"நாலு வருசத்துல என் மண்ட காய்ஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். ஆனால் கல்லூரி திறந்த அன்று பேத்தி அபிநயாவுக்குத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பியது குஞ்சம்மாள்தான். கோபமாகத்தான் சீவினாள்.

விடியும் முன் கிளம்பி, அரியலூரில் பஸ் மாறி, பெரம்பலூர் போய்ச் சேர வேண்டும். பஸ்ஸிலேயே படிப்பாள். ஆனால் படித்தது எதுவும் தலையில் நிற்கவில்லை. பள்ளியில் தமிழில் படித்தவள் அவள். இங்கே ஒவ்வொரு சதைக்கும் வாயில் நுழையாத ஒரு பெயர். அது எந்த எலும்பின் எந்த மேட்டில் தொடங்குகிறது, எங்கே போய் முடிகிறது, எந்த நரம்பு அதை இயக்குகிறது என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். பிசியாலஜி வகுப்பில் இதயம் எப்படித் துடிக்கிறது என்று சொன்னால் புரிந்தது. அனாட்டமி மட்டும் மணலில் ஊற்றிய தண்ணீராகப் போனது. மனப்பாடம் செய்ததை மறுநாள் தேடினால் பாதிதான் இருந்தது, அதுவும் இடம் மாறிக் கிடந்தது.

முதல் இன்டர்னல் தேர்வில் வகுப்பிலேயே கடைசி மதிப்பெண் அவளுடையது. விடைத்தாளைக் கொடுத்த அனாட்டமி ஆசிரியர் ராஜராஜன் சார் கெட்டவர் இல்லை. உண்மையான அக்கறையோடுதான் பேசினார்.

"குடும்பத்த வச்சுக்கிட்டு இதப் படிக்கிறது கஷ்டந்தாம்மா. கொஞ்சம் இடைவெளி விட்டுக்கூட வரலாம். அதுல ஒண்ணும் கேவலம் இல்ல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த அக்கறைதான் அவளை உடைத்துப் போட்டது. அரியலூர் பஸ் நிலையத்தில் ஜெயங்கொண்டம் பஸ் வந்து நின்றும் ஏறாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அது முந்திரி சீசன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் குஞ்சம்மாள் காட்டிலிருந்து வந்து, கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தாள். நாள் முழுக்கப் பழத்திலிருந்து கொட்டையைத் திருகித் திருகி எடுத்ததில் முன்கை கடுத்துப் போயிருந்தது.

"அந்த எண்ணெயக் கொஞ்சம் சூடு பண்ணித் தேச்சு வுடு புள்ள."

ஜெயசுதா எண்ணெயைத் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். குஞ்சம்மாளின் உடம்பு வெயிலிலும் வேலையிலும் இறுகியது, கொழுப்பென்று பெயருக்குக்கூட இல்லை. முழங்கைக்குக் கீழே விரலை ஓட்டியபோது, கட்டைவிரல் பக்கமாக ஒரு சதை தனியாக உருண்டது. ஜெயசுதாவின் கை நின்றது.

"அத்த, கைய மடக்குங்க. நான் கீழ இழுப்பேன், நீங்க வுடாதீங்க."

குஞ்சம்மாள் மடக்கிப் பிடித்தாள். ஜெயசுதா இழுத்தாள். அந்தச் சதை கயிறு முறுக்கேறியதைப் போலத் தோலுக்கு அடியில் புடைத்து நின்றது. புத்தகத்தில் சிவப்பு மையில் அச்சடித்து வைத்திருந்த அதே பிரேக்கியோ ரேடியாலிஸ்! தொடங்குகிற இடத்தை விரல் தொட்டது, முடிகிற இடத்தைத் தொட்டது. நாள்கணக்கில் மனப்பாடம் செய்தும் ஏறாத வரி, விரல் வழியாக ஏறி உட்கார்ந்துகொண்டது.

"ஏன்டி, மாட்ட வெலைக்கு வாங்க வந்தவன் மாதிரி தடவிப் பாக்குற?" என்றாள் குஞ்சம்மாள்.

ஜெயசுதா உள்ளே ஓடி மகளின் பையிலிருந்து நீல ஸ்கெட்ச் பேனாவை எடுத்து வந்தாள். எண்ணெயைத் துடைத்துவிட்டு மாமியாரின் கையில் அந்தச் சதையின் ஓரத்தைக் கோடாக வரைந்தாள். பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் மற்றொன்று. வரைய வரைய அடக்கி வைத்திருந்ததெல்லாம் அழுகையோடு வெளியே வந்தது. பரீட்சையில் தோற்றதைச் சொன்னாள், சார் சொன்னதைச் சொன்னாள்.

குஞ்சம்மாள் கையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வரையறத நிறுத்தாத. இன்னொரு கை சும்மாதான இருக்கு."

அன்றிலிருந்து வீட்டில் பாடம் நடந்தது. திங்கட்கிழமை முன்கை என்றால் செவ்வாய்க்கிழமை கெண்டைக்கால். முந்திரிக்காட்டிலிருந்து மூட்டை சுமந்து வந்தவுடன் மாமியாரை உட்காரவைத்து நாடித்துடிப்பை எண்ணுவாள், மூச்சை எண்ணுவாள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எண்ணிப் பார்த்து, வேலை செய்த இதயம் எப்படித் தணிகிறது என்று விளக்குவாள். நீலக்கோடுகள் குளித்தாலும் முழுதாகப் போவதில்லை. அப்படியே வேலைக்குப் போனபோது உடன் வேலை செய்யும் பெண்கள் சுற்றி நின்று சிரித்தார்கள்.

"என்னக்கா, பச்ச குத்திக்கிட்டியா?"

"என் மருமவ டாக்டர் பாடம் படிக்கிறா. இது படம்" என்று குஞ்சம்மாள் கையை நீட்டிக் காட்டினாள். "இந்தச் சதை பேரு என்ன தெரியுமா? உங்க வாயில நுழையாது."

அவள் வாயிலும் அது நுழையவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் கேள்வி கேட்பதில் அவள் தேறிவிட்டாள். சமைத்துக்கொண்டிருக்கும்போதே தன் தொடையைத் தட்டிக் காட்டுவாள். "இது எங்கேருந்து பொறப்படுது? எங்க போயி நிக்குது? எதுக்கு இருக்கு?" கும்பகோணம் பஸ்ஸைப் பற்றிக் கேட்பதைப் போலத்தான் கேட்பாள். ஜெயசுதா ஒரு கணம் தயங்கினாலும் போதும், "முழிக்கிற பாரு, தப்பு. போயி பாத்துட்டு வா" என்று விரட்டுவாள்.

ஒருநாள் மணிக்கட்டில் பாடம் நடந்தது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துவைத்துக் கையை உள்பக்கம் மடக்கச் சொன்னாள் ஜெயசுதா. வலது மணிக்கட்டின் நடுவில் மெல்லிய தசைநாண் ஒன்று நரம்புபோல எழும்பி நின்றது. இடது கையில் ஒன்றும் எழவில்லை. திரும்பத் திரும்ப மடக்கிப் பார்த்தும் இல்லை.

"என்னடி, எனக்கு ஒண்ணு கொறையுதா?" என்று குஞ்சம்மாள் பதறிவிட்டாள்.

புத்தகத்தைப் புரட்டிப் படித்துவிட்டு ஜெயசுதா சிரித்தாள். "கொற இல்ல அத்த. சில பேருக்கு இது பொறக்கும்போதே இருக்காதாம். இல்லாட்டியும் ஒண்ணும் ஆவாதாம்."

"ஆவாதுதான். இந்தக் கையாலதான மகனத் தூக்குனேன், மரம் ஏறுனேன்" என்று குஞ்சம்மாள் சமாதானமானாள்.

பாடம் வந்துவிட்டது. இங்கிலீஷ் வரவில்லை. பல்கலைக்கழகத் தேர்வில் வைவா உண்டு, வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளர் எதிரில் உட்கார்ந்து கேட்பார், இங்கிலீஷில்தான் பதில் சொல்ல வேண்டும். தெரிந்ததுகூட நாக்கில் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று அவள் பயந்தாள்.

"எனக்கு இங்கிலீசுல சொல்லு" என்றாள் குஞ்சம்மாள்.

"உங்களுக்குப் புரியாதே அத்த?"

"வெசயம் புரியாது. நீ பயந்துக்கிட்டுச் சொல்றியா, தெரிஞ்சு சொல்றியான்னு புரியும்ல?"

அதன்பிறகு ஒவ்வொரு மாலையும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து குஞ்சம்மாள் தேர்வாளரானாள். குரல் தணிந்தால் "சத்தமா" என்பாள். தரையைப் பார்த்தால் "மூஞ்சப் பாத்துச் சொல்லு" என்பாள். நல்லதம்பி வாசல்படியில் நின்று சிரித்தால் அவனுக்கும் திட்டு விழும்.

தேர்வு நாள் வந்தது. எழுத்துத் தேர்வு நன்றாகப் போனது. செய்முறையில் மேசைகளில் வைத்திருந்த எலும்புகளை எடுத்தவுடனே இடதா வலதா என்று அவள் கை சொன்னது. கடைசியில் வைவா. தேர்வாளர் நரைத்த தலையும் கண்ணாடியுமாக ஒரு அம்மையார், சிரிப்பென்பதே இல்லாதவர். பக்கத்தில் ராஜராஜன் சார்.

முன்கையின் சதைகளைப் பற்றிக் கேட்டார். ஜெயசுதா அவர் முகத்தைப் பார்த்து, சத்தமாகச் சொன்னாள். இலக்கணம் அங்கங்கே இடறியது, அவள் நிற்கவில்லை. பேசப் பேசத் தன் கையையே நீட்டி மடக்கிக் காட்டினாள். அம்மையார் கேள்விகளைக் கடினமாக்கிக்கொண்டே போனார். கழுத்திலிருந்து கைக்கு இறங்குகிற நரம்புப் பின்னலைக் கேட்டபோது, ஒரு தாள் வாங்கி அடி முதல் நுனி வரை வரைந்து கொடுத்தாள். அடுத்து மணிக்கட்டுக்கு வந்தார். மணிக்கட்டின் நடுவில் எழும்பி நிற்கும் அந்த மெல்லிய தசைநாண், பால்மாரிஸ் லாங்கஸ், எல்லோருக்கும் இருக்குமா என்று கேட்டார்.

இருக்காது என்றாள் ஜெயசுதா. இல்லாதவர்களுக்கு ஏதாவது குறை உண்டா என்று அம்மையார் அடுத்துக் கேட்டார்.

"இல்லை மேடம். என் மாமியாருக்கு இடது கையில் அது கிடையாது. முந்திரி மரம் ஏறுகிறார்" என்று இங்கிலீஷில் சொன்னாள். 'முந்திரி'க்கு இங்கிலீஷ் அவசரத்துக்கு வரவில்லை, முந்திரி என்றே சொல்லிவிட்டாள்.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். இவ்வளவு நேரமும் வராத சிரிப்பு வந்துவிட்டது. "மாமியார் கைய எப்பப் பாத்தீங்க?" என்று தமிழில் கேட்டார்.

"தினமும் பாப்பேன் மேடம். அவங்க உடம்புலதான் படிச்சேன்."

அம்மையார் ராஜராஜன் சாரைத் திரும்பிப் பார்த்தார். சாரின் முகம் மலர்ந்திருந்தது. "நீங்க போகலாம்மா. ரொம்ப நல்லாப் பண்ணீங்க" என்றார் அம்மையார்.

முடிவு வந்தது ஒரு மத்தியானம். கூடப் படிக்கிற பிள்ளைகள் போனில் கத்தினார்கள்: "அக்கா, அனாட்டமியில நீங்கதான் காலேஜ் ஃபர்ஸ்ட்!" ஜெயசுதா செருப்புகூடப் போடாமல் முந்திரிக்காட்டுக்கு ஓடினாள். அவள் மூச்சிரைக்க நின்ற நிலையைப் பார்த்து என்னமோ ஏதோவென்று கூடையைப் போட்டுவிட்டு வந்தாள் குஞ்சம்மாள். விஷயத்தைக் கேட்டதும் மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். பிறகு காடே கேட்கிற மாதிரி, "எல்லாருக்கும் இன்னிக்கு என் வூட்டுலதான் சோறு!" என்று கூவினாள்.

கல்லூரி விழாவில் பரிசு கொடுத்தபோது, ராஜராஜன் சார் குஞ்சம்மாளையும் மேடைக்கு அழைத்தார். புதுப்புடவை கசங்கப் படியேறி வந்தவளிடம் மைக்கைக் கொடுத்து, மருமகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"நான் என்னத்தச் சொல்லிக்குடுத்தேன் சார்? கையக் கால நீட்டிக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன், அவ வரைஞ்சா" என்றாள் குஞ்சம்மாள். அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். "தோத்துட்டு வந்து எம் முன்னால அழுதா. மறுநாளே எந்திரிச்சு பஸ் ஏறுனா. அதத்தான் நான் பாத்தேன்."

பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜெயசுதா கேடயத்தை மாமியாரின் கையில் கொடுத்தாள். குஞ்சம்மாள் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.