லேபிள் உரித்த புத்தகங்கள்

ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் நூலகராக இருந்தேன். எங்கள் அறக்கட்டளைக்கு இரண்டு கல்லூரிகள். இன்னொன்று செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே, ஆற்றோரமாக இருந்தது. கல்லூரிதான் இரண்டு, புத்தகங்கள் ஒரே கூட்டம். கல்லூரிக்கு அங்கீகாரம் தரும் குழு புத்தகங்களை எண்ணிப் பார்க்க இங்கே வந்தால் அங்குள்ளவை லாரியேறி இங்கே வரும். அங்கே வந்தால் இங்குள்ளவை அங்கே போகும். அதற்குத் தோதாகப் புத்தக முத்திரையில் கல்லூரிப் பெயரே இருக்காது, அறக்கட்டளையின் பெயர் மட்டும்தான். மற்ற நாட்களில் எல்லாம் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். பிள்ளைகள் தொட்டால் புத்தகம் அழுக்காகிவிடும் என்று கவலைப்படுகிற கல்லூரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், நூலகங்களுக்கென்றே இருக்கும் ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைக் கொண்டுவந்தேன். முகம் தெரியாத யார் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் விட்டது. சும்மா கிடைக்கிறது என்றதும் நிர்வாகம் மறுபேச்சுப் பேசவில்லை. கணினித் துறை கழித்துப்போட்ட ஒரு பழைய கணினியில் அதை ஏற்றினோம். நானும் உதவியாளரம்மாவும் ஒவ்வொரு புத்தகத்தின் விவரத்தையும் அதில் ஏற்றி, பார்கோடு லேபிள் ஒட்டினோம். அந்த அம்மா வல்லக்கோட்டைக்காரர். லேபிள் கோணலாகிவிட்டால் அன்று முழுக்க முகம் சரியாக இருக்காது. லேபிளில் கல்லூரிப் பெயரையும் பெரிதாக அச்சிட்டிருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பீரோக்களைத் திறந்தோம். எந்தப் புத்தகம் இருக்கிறது, எது வெளியே போயிருக்கிறது என்று செல்போனிலேயே பார்க்கலாம் என்றானதும் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். படித்து முடித்துப் போனவர்கள்கூட வந்தார்கள். அப்படி வந்தவள்தான் அந்த ராமநாதபுரத்துப் பெண். ஒரே ஒரு கணக்குப் பேப்பர் அரியர். கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இஞ்சினியரிங் படித்தவர்களை லைனுக்கு எடுக்க மாட்டார்கள் என்பதால் பிளஸ் டூ மார்க் ஷீட்டை மட்டும் காட்டி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பட்டம் கையில் வந்தால்தான் அங்கிருந்து வெளியே வர முடியும். அதற்கு அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. படிப்பு முடிந்ததும் மென்பொருள் அவளுடைய உறுப்பினர் அட்டையைத் தானாக முடக்கியது. நான் உள்ளே போய் தேதியை நீட்டிவைத்தேன். விதிப்படி அது சரியா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தீர்த்த கணக்குகளோடு இருக்கும் ஒரு தடிமனான புத்தகம் அவளுக்கு வேண்டும். ஆறு பிரதிகள் வைத்திருந்தோம். கேன்டீன் இடைவேளையில் போட்ட கணக்குகளை என்னிடம் கொண்டுவந்து காட்டுவாள். எனக்கு ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும் பார்ப்பேன்.

இரண்டாயிரத்துப் பதினைந்து மழைக்காலத்தில் ஆற்றோரக் கல்லூரிக்குக் குழு வருவதாக உத்தரவு வந்தது. நிர்வாக அலுவலர் ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார்.

"இந்த லேபிளோட எப்படிம்மா அனுப்புறது? உரிச்சிடுங்க. வெளிய போனதையும் வாங்கிடுங்க."

உதவியாளரம்மா ஈரத்துணியோடு தரையில் உட்கார்ந்தார். "இன்னா மேடம் இது, ஒட்னதும் நாமதான், உரிக்கிறதும் நாமளா?" என்றார். நானும் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனை மெதுவாக இழுத்தாலும் லேபிளோடு அட்டையின் தோலும் சேர்ந்து வந்தது.

அந்தப் பெண்ணும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பரீட்சைக்கு முன்னால் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அப்படித்தான் நானும் நம்பினேன். ஆறு பிரதிகளும் மற்றவற்றோடு லாரியேறின.

மழை விடவில்லை. குழு வருகையைத் தள்ளிவைத்தது. பரீட்சையும் தள்ளிப்போனது. பிறகு ஏரியைத் திறந்துவிட்டார்கள். ஆற்றோரக் கல்லூரியின் தரைத்தளம் முழுகியது. தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். புத்தகங்கள் ஊறி உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாறின. திரும்பிவந்து அவற்றையெல்லாம் 'தொலைந்தவை' என்று கணினியில் மாற்றப் போனேன். நிர்வாக அலுவலர் தடுத்தார்.

"கம்ப்யூட்டர்ல கை வைக்காதீங்க. அடுத்தது நம்ம இன்ஸ்பெக்ஷன். எண்ணிக்கை அப்படியே இருக்கட்டும்."

இருந்தது. யார் கேட்டாலும் எல்லாப் புத்தகமும் பத்திரமாக அலமாரியில் இருப்பதாகவே அது சொல்லிக்கொண்டிருந்தது.

தள்ளிப்போன பரீட்சைக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அந்தப் பெண் வந்தாள். கம்பெனிச் சீருடை, பாதிவரை நனைந்திருந்தது. செல்போனை என் முன்னால் நீட்டினாள்.

"ஆறும் இருக்குன்னு காட்டுது மேடம். அதான் ஓ.டி. வேலைய விட்டுட்டு ஓடியாந்தேன்."

"இல்லம்மா. அது பொய்" என்றேன். லாரியில் போனதையும், வெள்ளத்தில் அழிந்ததையும், என்னை மாற்றவிடாததையும் மறைக்காமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரம் ஏறியது. அவளுக்கு ஏறவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு காலியான அலமாரிகளைப் பார்த்தாள்.

"எனக்குத்தான் கிடைக்கல, சரி. அங்க உள்ள பிள்ளைகளாவது கொஞ்ச நாளு வச்சுப் படிச்சிருக்கும்லா மேடம்?"

ஆற்றோரக் கல்லூரியின் நூலகக் கூடத்தை நான்தான் பார்த்திருந்தேனே. குழு வருவதற்கு முந்தின நாள் அடுக்கினால் போதும் என்று, இறக்கிய இடத்திலேயே எல்லாவற்றையும் கட்டுக் கட்டாகப் போட்டு வைத்திருந்தார்கள்.

"கட்டைக்கூடப் பிரிக்கலம்மா" என்றேன்.