இரண்டாவது கியர் வளைவுகள்

எங்கள் ஜீப்புக்குப் பெரிய டயர் போட்ட நாளில் நானும் சந்தோஷப்பட்டவள்தான். மழைக்காலத்தில் எஸ்டேட்டுக்குள் போகும் பாதையில் கல்லெல்லாம் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். வண்டியின் அடிப்பாகம் அதில் உரசும் சத்தம் கேட்டால் என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிப்போகும். காப்பி மூட்டை ஏற்றினால் இன்னும் மோசம். சனி, ஞாயிறுகளில் வரும் டூரிஸ்டுகளோ உயரமான டயர் போட்ட வண்டியாகப் பார்த்து ஏறுகிறார்கள், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளத் தோதாக இருக்கிறதாம். ஏற்காட்டு ஜீப் ஸ்டேண்டில் பாதிப் பேர் மாற்றிவிட்டார்கள். இவரும் சேலத்துக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தார். வாசலில் வந்து நின்ற வண்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தது. ஏறுவதற்கு நான் சேலையைத் தூக்கிப் பிடிக்கவேண்டியிருந்தது. அதற்கும் சேர்ந்து சிரித்தோம்.

எங்கள் மலையில் வண்டி ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. குப்பனூருக்கு இறங்கும் பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். பெயரோடு ஒரு கியரும் இருக்கும். புளியமரத்து வளைவு என்றால் இரண்டு. பாறை வளைவு என்றால் இரண்டு. ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர். அப்படி இறங்கினால் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்தப் பாதையில் ஓட்டுகிறவர். வளைவு வந்தால் அவர் கை தானாகக் கியருக்குப் போகும். மீட்டரைப் பார்க்க மாட்டார், இஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுக்கவும் மாட்டார். இரண்டு போடவேண்டிய வளைவில் ஒன்றைப் போட்டு ஊர்ந்து இறங்குகிறவன் இவர்கள் கணக்கில் டூரிஸ்ட். ஸ்டேண்டில் அவனைப் பற்றி ஒரு வாரம் பேசிச் சிரிப்பார்கள்.

டயர் மாறியதும் வண்டி ஏற்றத்தில் முனக ஆரம்பித்தது. புளியமரத்து வளைவில் இரண்டாவது கியரில் திணறி நின்றுவிடப் பார்க்கும். வேறு வழியில்லாமல் ஒன்றுக்கு மாற்றுவார், டீசல் சரியில்லை என்று திட்டிக்கொண்டே. இன்னொரு வேடிக்கையும் நடந்தது. வாழவந்திப் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து குப்பனூர் வரைக்கும் மீட்டர் காட்டும் தூரம் குறைந்துபோனது. "பாத்தியா, ஊரு பக்கத்துல வந்துருச்சு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஏறுவதுதான் ஒன்றில். இறங்கும்போது அதே வளைவில் பழையபடி இரண்டுதான் போட்டார். ஏற்றத்தில் வண்டி மறுத்தது, அவர் கேட்டுக்கொண்டார். இறக்கத்தில் எந்த வண்டியும் மறுப்பதில்லை.

எங்கள் மகள் சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். கல்லூரி பஸ் குப்பனூர் வரைக்கும்தான் வரும். மேலிருந்து வருகிற டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் கல்லூரி பஸ் போய்விடும். அதனால் தினமும் காலையில் அவளை ஜீப்பில் கொண்டுபோய் விடுவது அப்பாதான். அதை ஒரு வேலை என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். முன்சீட்டில் மகளை உட்காரவைத்துக்கொண்டு இறங்குகிற அந்த அரைமணி நேரம் அவருடைய சொத்து.

ஒரு நாள் எனக்கும் சேலத்தில் வேலை இருந்ததால் பின்னால் ஏறிக்கொண்டேன். சும்மா இருக்காமல் போனில் மேப்பைத் திறந்து வைத்திருந்தேன். அது வண்டியின் வேகத்தையும் காட்டும். எங்கள் ஜீப்பில் மீட்டர் நடுவில் இருப்பதால் பின்சீட்டிலிருந்தே தெரியும். மீட்டர் முள் முப்பதைத் தொட்டபோது போன் முப்பத்துநாலு என்றது. போன்தான் தப்பு என்று நினைத்தேன். அடுத்த வளைவிலும் அப்படியே காட்டியது. அதற்கடுத்த வளைவிலும் மாறவில்லை.

யோசித்தபோதுதான் புரிந்தது. மீட்டருக்கு ரோடு தெரியாது, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி கூடுதல் தூரம் போய்விடும். கால் நீண்டவனும் குட்டையானவனும் சம எண்ணிக்கையில் எட்டு வைத்தாலும் நீண்டவன் முன்னால் போய்விடுவான் இல்லையா, அது மாதிரி. ஊர் பக்கத்தில் வந்துவிட்ட மர்மமும் அதுதான். கியர் கதையும் அதேதான். கை போட்டது இரண்டு என்றாலும், புது டயருக்கு அது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எங்கோ இருந்தது. அதனால் ஏற்றத்தில் இழுக்கவில்லை. இறக்கத்தில் இஞ்சின் பிடித்து வைக்கவும் இல்லை. பிடிக்காத பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுந்தது. குப்பனூரில் இறங்கியபோது சக்கரத்திலிருந்து கருகிய வாடை வந்தது. யாரோ குப்பையைக் கொளுத்துகிறார்கள் என்றார் அவர்.

"தெனமும் இந்த வாடை வருதுங்கம்மா" என்றாள் மகள், அவருக்குக் கேட்காமல்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஆரம்பித்தேன். "ஏனுங்க, இனிமே பாறை வளைவுல ஒண்ணுல எறங்குங்க."

"பாறை வளைவு ரெண்டு. எனக்கே கியர் சொல்லித் தர்றியா?"

"அது பழைய டயருக்குங்க. ஏறும்போது ஒண்ணு போடறீங்கல்ல? எறங்கும்போது மட்டும் என்னத்துக்கு ரெண்டு?"

"ஒண்ணுல எறங்கறதப் பாத்தா ஸ்டேண்டுல என்ன பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாது."

"அப்ப புள்ளைய நான் ஸ்கூட்டர்ல கொண்டுபோயி உட்டுக்கறனுங்க."

தட்டில் இருந்த அவர் கை நின்றது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எம்புள்ளைய நான் கூட்டிட்டுப் போறது உனக்குப் பயமா இருக்குதா?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"நொம்பப் பயமா இருக்குதுங்க" என்றேன்.

கை கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். மகள் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். "உடுங்கம்மா. நான் ஸ்கூட்டர்ல வந்தா அப்பா மனசு ஒடஞ்சுரும். அவருகூடவே போயிக்கறன்."

"உனக்குப் பயமா இல்லியா கண்ணு?"

"இருக்குதுங்கம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். பாத்திரத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவருடைய மானத்துக்காக அவள் தினமும் தன் உயிரை முன்சீட்டில் வைத்துக்கொண்டு போகிறாள், நான் டிபன் கட்டிக் கொடுத்து அனுப்புகிறேன். மறுநாளும் சொன்னேன், அதற்கு மறுநாளும் சொன்னேன். என் குரல் கேட்டாலே அவர் வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். பஸ் ஏறியதும் மகள் அனுப்பும் 'வந்துட்டேன்' என்ற ஒற்றை வார்த்தை போனில் விழும்வரை எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அடுப்பில் தோசை கருகும்.

பனி மூடிய ஒரு காலையில் செய்திக்குப் பதிலாக அழைப்பு வந்தது.

"அம்மா, பயப்படாதீங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லீங்க. பாறை வளைவுல இருக்கறோம். அப்பா பேசவே மாட்டேங்கறாரு."

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. ஜீப் மலைப்பக்கத்து மண்ணில் மூக்கைப் புதைத்து நின்றது. சக்கரத்தில் இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் பள்ளம், பனியில் அதன் அடி தெரியவில்லை. மகளின் உதடு கிழிந்து வீங்கியிருந்தது. அவர் ரோட்டோரத் தடுப்புக்கல்லில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பிரேக்க மிதிச்சா அடிவரைக்கும் போயிருச்சு, புடிக்கல" என்றார், நான் கேட்காமலே. "ஒண்ணுல போட்டிருக்கோணும்னு புத்திக்குத் தெரியுது. கை போகமாட்டேங்குது. பாறை வளைவு ரெண்டுன்னே நிக்குது. இவதான் ஸ்டீயரிங்க எட்டிப் புடிச்சு மண்ணுப் பக்கம் இழுத்தா. நான் இல்ல. இவதான்."

வண்டியைக் கட்டி இழுத்துப் போய்ப் பிரேக்கையெல்லாம் மாற்றினார்கள். பெரிய டயர்களைக் கழற்றி, பழைய அளவிலேயே டயர் போட்டாயிற்று. மீட்டரும் போனும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன. குப்பனூரும் பழைய தூரத்துக்கே போய்விட்டது. இப்போது இரண்டாவது கியரே போதும். ஆனாலும் அவர் எல்லா வளைவிலும் ஒன்றைப் போட்டு ஊர்ந்துதான் இறங்குகிறார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். ஸ்டேண்டில் சிரிக்கவும் சிரிக்கிறார்கள். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நான் ஸ்கூட்டரை எடுக்கிறேன் என்று சொன்னதை மகள் இந்தத் தடவையும் கேட்கவில்லை. அப்பாவோடுதான் போவேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். போன வாரம் நானும் கூடப் போனேன். புளியமரம் தாண்டியபோது, அவளுடைய வலது கை மெல்ல நகர்ந்து ஸ்டீயரிங்கின் ஓரத்தைப் பிடித்தது. கெட்டியாகப் பிடிக்கவில்லை, இரண்டு விரல்தான். அவர் திருப்பும்போதெல்லாம் அந்த விரல்களும் கூடவே போய்வந்தன. அவர் பார்த்தார். அடுத்த வளைவையும் ஒன்றிலேயே திருப்பினார்.

"கைய எடுத்துக்க சாமி" என்றார் கடைசியில். "அப்பா ஒண்ணுலதான் போறேன்."

"எடுத்துட்டனுங்கப்பா" என்றாள் அவள், ரோட்டையே பார்த்துக்கொண்டு.

பாறை வளைவு தாண்டியும் அந்த இரண்டு விரல்கள் அங்கேதான் இருந்தன. அவர் மறுபடி சொல்லவில்லை.