மேலே படாமல் ஒரு ஆட்டம்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் பாலக்காட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். சொந்த ஊர் நல்லேப்பிள்ளி, வீட்டில் நெல் விவசாயம். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். படிப்பு சுமார்தான். ஆனால் பாஸ்கெட்பால் என்றால் எனக்குச் சோறுகூட வேண்டாம். நெல்லில் மாடு பூந்துவிட்டால் எப்படிக் கத்திக்கொண்டு ஓடுவேனோ, கோர்ட்டிலும் அப்படியேதான். பந்து எவள் கையில் இருந்தாலும் பிடுங்கிவிடுவேன். நடுவில் தோளோ முழங்கையோ யார் மேலாவது இடித்தால் அதற்கு நானா பொறுப்பு!

அந்த வருஷம் பழைய மாணவி ஒருவர் ஒரு கப் கொடுத்திருந்தார். நிறையக் கூடை போட்டவளுக்கு இல்லை, எதிர் அணியைப் போட விடாமல் நன்றாகத் தடுத்தவளுக்கு. ‘டிஃபன்ஸ் கப்’ என்று சொல்வோம். யாருக்கு என்று நீங்களே சண்டை போட்டு முடிவு பண்ணுங்கள், சாயங்கால மணி அடிப்பதற்குள் ஒரே ஒரு பெயர் வேண்டும் என்று சொல்லிவிட்டு பி.டி. டீச்சர் போய்விட்டார்.

எனக்கு அந்தக் கப் வேண்டும். எங்கள் வீட்டு ரேடியோப் பெட்டி மேல் அண்ணன் வாங்கிய கபடிக் கப் மூன்று வரிசையாக நிற்கும். வருகிறவர்களிடமெல்லாம் அப்பா அதைக் காட்டுவார். நாலாவதாக என்னுடையது ஒன்று அங்கே உட்கார வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன் தெரியுமா?

எனக்குப் போட்டியாக நின்றவள் ஒரு கல்பாத்திக்காரி, அக்கிரகாரத்துப் பெண். ஒல்லி. கண்ணாடியைக் கயிறு போட்டுத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஆடுவாள். அவள் பந்தைப் பிடுங்கி நான் பார்த்ததே இல்லை. எதிராளிக்கு முன்னால் கையை விரித்து நிற்பாள், அவள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இவளும் நகர்வாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் எதிராளி அலுத்துப்போய்ப் பந்தை வேறு யாருக்காவது போட்டுவிடுவாள். இதெல்லாம் ஒரு தடுப்பா என்று எனக்கு இளக்காரம்.

அணியில் எட்டுப் பேர். எங்கள் இரண்டு பேருக்கும் ஓட்டுக் கிடையாது. மற்ற ஆறு பேரும் கோர்ட் படியில் உட்கார்ந்து கை தூக்கினார்கள். மூன்றுக்கு மூன்று! அப்புறம் என்ன, ஒரே கூச்சல். பந்தைப் பிடுங்கியது யார் என்று என் பக்கத்தார் கேட்டார்கள். ஒற்றப்பாலத்துக்காரியான எங்கள் கேப்டன் மட்டும் நிதானமாக ஃபைனல் மேட்சை எடுத்தாள். அதில் நான் இடித்து இடித்தே ஐந்து ஃபவுல் வாங்கி, ஐந்தானால் வெளியேற்றம் என்பதால், ஆட்டம் முடிய நிறைய நேரம் இருக்கும்போதே வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் எதிர் அணியின் உயரமான பெண்ணை அடக்கியது கல்பாத்திக்காரிதான். வெளியே உட்கார்ந்தவளுக்கா கப் என்று கேப்டன் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது.

வாய் சும்மா இருந்ததா? இல்லை.

“ஏனுங்க, தொட்டாத்தானே ஃபவுலு? அவங்க தெருவுல யாரையும் தொட மாட்டாங்க. அது மடிங்க, ஆட்டமில்ல!” என்றேன்.

மடி என்றால், குளித்துவிட்டு ஈரத்துணியோடு சமையலும் பூஜையும் முடிகிற வரைக்கும் மேலே யாரும் படக் கூடாது என்கிற வழக்கம். எங்களை மாதிரி வெளியாட்கள் பட்டாலும் ஆகாது, சொந்தப் பிள்ளை பட்டாலும் ஆகாது. நான் சாதியைச் சொல்லிக் குத்துகிறேன் என்று அங்கே எல்லோருக்கும் புரிந்தது. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தும் ரோஷம் என்னை விடவில்லை. முறைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“நீ சொன்னது நேராக்கும், பொய்யில்லை. மடிதான். பந்தை எடுத்துண்டு என்னைத் தாண்டிப் போ, பார்க்கலாம்” என்றாள்.

போனேன். இடது பக்கம் போனால் இடது பக்கம் நிற்கிறாள், வலது பக்கம் போனால் அங்கேயும் அவள்தான். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி, அதற்கு மேல் இல்லை. மூன்றாம் தடவை ஆத்திரத்தில் தோளால் ஒரே இடி இடித்தேன். அவள் உட்கார்ந்தேவிட்டாள். பந்து கோட்டைத் தாண்டி உருண்டு போனது. இது ஆறாவது ஃபவுல் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

கையை நீட்டித் தூக்கிவிட்டேன். அவள் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னாள்: “எங்காத்துல நடக்கற வழி ரொம்ப ஒடுக்கம். அத்தை புழைத் தண்ணியில முங்கிட்டு, ஈரத்தோட குடம் தூக்கிண்டு வருவா. நான் மேல பட்டுட்டா, பாவம், திரும்பவும் புழைக்குப் போய் முங்கணும். அவளுக்கு முழங்கால் வலி. அதுக்காக்கும் படாம ஒதுங்கக் கத்துண்டேன்.”

அவளே மறுபடி, “உன்னைத் தொட மாட்டேனாமே! உன் தூக்குப்போசிச் சோத்துல தினம் பாதியைத் திங்கறது யாரு?” என்றாள்.

அது நிஜம். எங்கள் வீட்டுப் புளிச்சோறு என்றால் அவளுக்கு உயிர். அதைக்கூட மறந்துவிட்டுத்தான் நான் அப்படிப் பேசியிருக்கிறேன், பாருங்கள். சிரிப்பும் வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

கேப்டன் மறுபடி ஓட்டுக் கேட்டாள். முதலில் அவளுக்காகக் கை தூக்கியது நான். “நினக்கு வோட்டில்லல்லோ” என்றாள் கேப்டன். இல்லாவிட்டால் போகட்டும், நான் கையை இறக்கமாட்டேன் என்றேன். மற்ற ஆறு கைகளும் ஒவ்வொன்றாக மேலே போயின. மணி அடிப்பதற்குள் பெயரைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான்.

ரேடியோப் பெட்டி மேல் கடைசி வரை அண்ணனின் மூன்று கப்தான் இருந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த வருஷம் முழுக்க அவளிடம் பாடம் கேட்டு, ஒரு மேட்சில்கூட ஐந்தாவது ஃபவுல் வாங்காமல் ஆடினேன். எனக்கு அதுவே கப்.

இப்போதும் யாராவது கொஞ்சம் ஒதுங்கி நின்றால், பெரிய இவள் என்று சொல்ல என் வாய் துடிக்கும். உடனே, நான் பார்த்தேயிராத அந்த அத்தையின் முழங்கால் ஞாபகத்துக்கு வரும், வாயை மூடிக்கொள்வேன்.