அங்கி போட்ட படத்தில் எங்கள் அண்ணன் இல்லை

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்த நினைவு மலரைக் கொடுக்கிறோம். அட்டையில் அவர் கரண்டியும் கையுமாக நிற்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கலாம். தாராளமாகச் சுளித்துக்கொள்ளுங்கள். தங்கை நான் பிடிவாதம் பிடித்துப் போட வைத்த படம் அது.

அண்ணன் பிறந்தது கெலமங்கலத்தில். அப்பா தக்காளி பயிரிட்டவர். நிலத்து வழக்கு ஒன்றுக்காகக் கோர்ட்டு வராந்தாவில் கால்கடுக்க நின்றே பாதி வாழ்க்கை போய்விட்டது அவருக்கு. வீட்டிலேயே ஒரு வக்கீல் இருக்க வேண்டும் என்று வைராக்கியமாக அண்ணனைச் சட்டம் படிக்க வைத்தார். அண்ணன் கறுப்பு அங்கியோடு எடுத்துக்கொண்ட முதல் படம் எங்கள் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஏறியது.

ஓசூரில் அண்ணன் நல்ல பெயர் வாங்கினார். தொழிற்சாலைகள் வந்து நிலத்தின் விலை ஏறியதும் கூடப்பிறந்தவர்கள் ஒருவரையொருவர் கோர்ட்டுக்கு இழுத்த காலம் அது. பெரும்பாலும் அந்தப் பாகப்பிரிவினை வழக்குகள்தான் அவரிடம் வந்தன. ஜெயித்தும் கொடுத்தார். ஆனால் வீட்டுக்கு வந்தால் பேய் அறைந்தவர் போல் உட்கார்ந்திருப்பார். அடுப்படிக்குள் போனால்தான் அவருக்கு முகம் தெளியும்.

"நான் ஜெயிச்ச எந்தக் கேஸ்லயும் ஒருத்தன்கூட சிரிச்சிக்கிட்டு வீட்டுக்குப் போனதில்ல பாப்பா. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பஸ்ல ஏறிப் போறாங்க" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

ஒரு நாள் கேஸ் கட்டுகளையெல்லாம் ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டுத் தொழிற்பேட்டை ஓரத்தில் மெஸ் திறந்தார். அண்ணி எதிர்ப்பேதும் சொல்லாமல் உடன் நின்றார். ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளைகளுக்குக் களியும், பிதுக்கிய அவரைப் பருப்புக் குழம்பும், கீரைக் கடைசலும் அண்ணனே செய்வார். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று வந்தவர் பாஷையில் பேசிப் பேசிப் பரிமாறுவார். "இங்க வாய்தா கெடையாது பாப்பா, உக்காந்தா உடனே தீர்ப்புதான்" என்று கேலி பேசுவார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

உறவில் பேசாத பேச்சில்லை. அப்பாவோ பேசவே இல்லை. எச்சில் இலை எடுக்கவா படிக்க வைத்தேன் என்று அம்மாவிடம் மட்டும் ஒருமுறை கேட்டாராம். அண்ணனுக்கு இருந்தது ஒரே ஆசைதான். அப்பா ஒரு நாள் மெஸ்ஸில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். ஊருக்கு வரும்போதெல்லாம் கூப்பிடுவார். அப்பா தோட்டத்துப் பக்கம் எழுந்து போய்விடுவார்.

சென்ற ஆண்டு அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு ஓசூர் கூட்டிப் போனேன். திரும்பும்போது நானே டிரைவரிடம் சொல்லி வண்டியை மெஸ் வாசலில் நிறுத்தினேன். அப்பா இறங்கவில்லை. அண்ணன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கேரியரோடு ஓடி வந்தார்.

"அப்பா, பிதுக்கம்பருப்புக் கொழம்பு. உங்களுக்குன்னு வெச்சேன்."

"வயிறு சரியில்ல" என்றார் அப்பா, எதிர்ப்பக்கம் பார்த்தபடி.

"சரிப்பா" என்று சொல்லிக் கேரியரைத் திரும்ப எடுத்துப் போனார் அண்ணன். அந்த வாரமே, அதிகாலை உலை வைத்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கச் சித்தப்பா கூடத்து அங்கிப் படத்தைக் கழற்றிக்கொண்டு போனார். தாடி இல்லாத, ஒல்லியான, இளவயது வக்கீல் ஒருவர் ஓசூர்ச் சாலையெங்கும் தொங்கினார். கீழே பட்டங்களோடு முழுப்பெயர். கம்பெனி பஸ்ஸில் போன பிள்ளைகள் யாரோ வக்கீல் இறந்துவிட்டார் என்று பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். அவர்களுக்கு அவர் வெறும் அண்ணன்தானே. அடக்கத்துக்கு வக்கீல்கள் வந்தார்கள். வழக்குப் போட்டவர்கள் வந்தார்கள். அவர் கையால் தினமும் சாப்பிட்ட ஒருவர்கூட வரவில்லை.

மூன்றாம் நாள் நானும் அப்பாவும் மெஸ்ஸைத் திறந்து சாமான்களை எடுக்கப் போனோம். மூடிய ஷட்டர் முன்னால் நாலைந்து பேர் சீருடையோடு நின்றிருந்தார்கள்.

"அண்ணன் ஊருக்குப் போயிருக்காருங்களா? மூணு நாளா பூட்டியே கெடக்குது" என்று ஊத்தங்கரைப் பையன் ஒருவன் கேட்டான்.

நான் சொன்னேன். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு ஏன் சொல்லவில்லை என்று எங்களைத் திட்டினான். திட்டட்டும் என்று நின்றேன்.

அப்பா அவன் பக்கத்தில் போய் மெதுவாக உட்கார்ந்தார். "அந்தப் பருப்புக் கொழம்பு நல்லா வைப்பானாப்பா?" என்று கேட்டார்.

அண்ணன் ஆசைப்பட்டது இதற்குத்தானே என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. இன்றுவரை எனக்கு ஆறவில்லை. ஆறும் என்ற நம்பிக்கையும் இல்லை.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற ஆட்டோக்காரருக்கும், அண்ணிக்குத் துணையாகப் படுத்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும், இன்று வந்திருக்கும் அனைவருக்கும் எங்கள் நன்றி. அண்ணன் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் ஒரு வேண்டுகோள். அப்பா வாசலருகே நாற்காலியில் இருக்கிறார். கொஞ்சம் பக்கத்தில் உட்காருங்கள். குழம்பு எப்படி இருக்கும் என்று கேட்பார். சொல்லி முடித்ததும் மறுபடியும் கேட்பார். சலித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.