உலை வைக்காத மத்தியானம்

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் குப்பத்தில் நடந்தது இது. அந்தப் பக்கம் அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான் ஓர் இரும்புக் கம்பெனியில் சேர்ந்து, தினமும் சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தேன். என் அப்பா ஏரியில் படகு விடுவார். அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பிள்ளைகளே, உங்களில் மூத்தவள் அப்போது உங்கள் அம்மா வயிற்றில் இருந்தாள். நீங்கள் யாரும் பார்க்காத நாள் என்பதால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

முந்தின மழைக்காலத்தில் அடித்த புயலில் குப்பத்துக் கூரைகள் எல்லாம் பறந்துவிட்டன. சர்க்காரில் கல் வீடு கட்டித் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் வேறு ஏதோ ஊரில் அப்படிக் கட்டின வீடுகளில் ஜனங்கள் குடியிருக்காமல், ஆடு கட்டி வைத்திருந்தார்களாம். அதனால் இந்த வீடு எங்களுக்கு ஒத்துவருமா என்று பார்த்துச் சொல்ல, மெட்ராசிலிருந்து ஓர் அம்மாவை அனுப்பினார்கள். அவர் சரி என்றால் அப்படியே கட்டிவிடுவார்கள். கட்டி முடித்துவிட்டால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எங்கள் காலம் அதில்தான்.

இல்லாதவர்களுக்குச் சர்க்கார் எப்படி வீடு கட்டித் தரவேண்டும் என்பதைப் பற்றிக் காலேஜில் ஆராய்ச்சி செய்கிறவர் அவர். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் டீச்சரம்மா என்றோம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடப்பார். நைனாவுக்கு அவரைப் பார்த்தால் ஒரே ஆச்சரியம்.

"ஊட்ல குடியிருக்கலாம். ஊட்டப் பத்திப் படிக்கறதுக்கு இன்னாமா கீது?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"அது தெரியாமத்தான் இங்க வந்திருக்கேன்" என்று டீச்சரம்மா சிரித்தார்.

வாரக்கணக்கில் வீடு வீடாக வந்து உட்கார்ந்தார். ரோட்டுப் பக்கம் வாசல் வைத்தால் சரியா, சமையலுக்குப் பின்பக்கம் இந்த இடம் போதுமா என்று பொறுமையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரி என்றோம். எங்கள் வீட்டுக்கு வந்து எங்கள் டீயைக் குடித்துவிட்டுக் கேட்கிறவரிடம் வேறு பதில் சொல்வது எங்களுக்கு மரியாதையாகப் படாது. தவிர, கூரை பறிகொடுத்தவர்களுக்கு எந்த வீடுதான் நன்றாக இருக்காது?

வேறு ஒருவராக இருந்தால் சந்தோஷமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். இவருக்கு என்னவோ உறுத்தியிருக்கிறது. எல்லார் வாயிலிருந்தும் ஒரே சரி வந்தால் யாருக்குத்தான் உறுத்தாது? ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குக் கம்பெனி லீவு, விடிந்ததும் கயிறும் கழியுமாக வந்து நின்றார். கட்டப்போகிற வீட்டை அதே அளவில் மணலில் கோடு கிழித்துக் காட்டுகிறேன், இன்று ஒருநாள் அதில் குடியிருந்து பாருங்கள் என்றார். கேட்டவர் டீச்சரம்மா ஆயிற்றே. அதற்கும் சரி என்றோம்.

அந்தக் காலை வேளை இன்னும் என் கண்ணில் மிதக்கிறது. பனி விலகவில்லை. ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் பூநாரைகள் காற்றிலேயே நிற்கிற மாதிரி இருந்தது. அந்த வெளிச்சத்தில் நாங்கள் கோடு கோடாகத் தெரு ஒன்றை எழுப்பினோம். பெண்கள் அடுப்பு, பானை, பாய் எல்லாவற்றையும் தூக்கிவந்து குடி புகுந்தார்கள். யாரும் சுவரைத் தாண்டவில்லை. வாசல் வழியாகத்தான் போனார்கள், வந்தார்கள். குடிசை வாசலில் குனிந்தே பழகிய உங்கள் அம்மா, இல்லாத அந்த நிலைப்படியிலும் தலையைக் குனிந்துதான் உள்ளே போனாள். நான் உள்ளே மல்லாந்து படுத்து, இல்லாத கூரையைப் பார்த்தபடி, பிறக்கப்போகிற குழந்தைக்குத் தூளி எங்கே கட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எப்போது கண் அசந்தேனோ தெரியாது.

எங்கள் குப்பத்தில் கடிகாரம் பார்த்து உலை வைக்கிற வழக்கம் கிடையாது. அடுப்படியில் இருந்தபடியே ஏரியைப் பார்ப்பார்கள். படகின் பாய் கண்ணில் பட்டதும் உலை ஏறும். படகு கரையைத் தொடுகிற நேரத்துக்குச் சோறு வடித்திருக்கும். பசியோடு வருகிறவர்களுக்குச் சோறு சுடச்சுட இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நைனாவின் குரல் கேட்டுத்தான் விழித்தேன். படகுகள் வந்து கரையில் நின்றுகொண்டிருந்தன. நைனா ஈர வேட்டியோடு எங்கள் கோட்டுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தார். அடுப்பில் நெருப்பே இல்லை. எந்த வீட்டிலும் இல்லை.

"இன்னாமா, இன்னும் உலை வெக்கலியா?" என்று மருமகளைக் கேட்டார்.

உங்கள் அம்மா ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எழுந்து, காலடியில் இருந்த கோட்டைக் காட்டினாள்.

"பாய் எங்க மாமா தெரிஞ்சிது? சுவரு மறைக்குதே."

நைனா அந்தக் கோட்டைப் பார்த்தார். அதற்கு அப்பால் விரிந்து கிடக்கிற ஏரியைப் பார்த்தார். முதலில் அவர்தான் சிரித்தார். "கோட்டுக்குப் பயந்துக்கினு எங்களப் பட்டினி போட்டுட்டீங்களேமா" என்றார். தெருவே சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தி, அவரவர் சமையலறையின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். நிஜமாகவே அங்கே ஒரு சுவர் வரப்போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

டீச்சரம்மாவின் முகம் வாடிவிட்டது. இவ்வளவு நாளாக ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டார்.

"நல்லா இருக்குமான்னு கேட்டீங்க, நல்லாத்தான் இருக்கும்னு சொன்னோம்" என்றாள் உங்கள் அம்மா. "உள்ள வந்து குந்தினப்புறம்தான்மா எங்களுக்கே தெரியுது."

டீச்சரம்மா அடுப்புப் பக்கம் வந்து, வெறும் காலால் அந்தக் கோட்டை ஒரு வாசல் அகலத்துக்கு அழித்தார். அந்த இடைவெளியில் நின்று ஏரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எல்லோரும் பழைய சோறுதான் சாப்பிட்டோம், அவரும்தான்.

அதுவரை எழுதியதை எல்லாம் ஒதுக்கிவிட்டு அவர் மறுபடி எழுதினார் என்றும், பிளானை மாற்ற முடியாது என்ற அதிகாரிகளிடம் நடையாய் நடந்தார் என்றும் பின்னால் கேள்விப்பட்டோம். வீடுகள் ஏரிப்பக்கம் ஒரு கதவோடு எழுந்தன. நீங்கள் உள்ளும் வெளியுமாக ஓடி விளையாடுகிறீர்களே, அந்தக் கதவுதான்.

மூத்தவள் நடக்க ஆரம்பித்த சமயம், ஒரு வேலையாக மெட்ராஸ் போனவன், இறால் கருவாட்டுப் பொட்டலத்தோடு அவர் பாடம் நடத்துகிற காலேஜுக்குப் போனேன். வகுப்பில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, தரை முழுக்கச் சாக்பீஸால் ஒரு வீடு வரைந்திருந்தார்கள். பையன்களும் பெண்களும் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். டீச்சரம்மா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே வரச் சொன்னார். கோட்டை மிதிக்க எனக்குக் கால் எழவில்லை. சுற்றிப்போய் வாசலைக் கண்டுபிடித்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து உள்ளே போனேன். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"உலை எப்போ வைக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"பாய் தெரிஞ்சப்புறம்தாம்மா."

இன்றும் யாராவது என்னிடம் ஒன்றைக் கேட்டால், சரி என்று சொல்வதற்கு முன்னால், அந்த மணல் வீட்டுக்குள் மனசால் போய்க் கொஞ்சம் உட்கார்ந்து, அங்கிருந்து ஏரி தெரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.